ஒளித்தட்டு கீபோர்டுகள் திரும்பி வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1971-இல் அமெரிக்காவில் ஒரு பொம்மைக் கம்பெனியின் துணை நிறுவனம் ஆப்டிகன் என்ற வீட்டு ஆர்கன் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் மெல்லிய பிலிம் தட்டு ஒன்று சுற்றும். விளக்கு வெளிச்சம் அதன் வழியே பாய்ந்து சத்தமாக மாறும். ஐந்து வருடத்தில் அதன் தயாரிப்பே நின்றுபோனது. இன்றைக்கு அதே வகைத் தட்டுகள் புதிதாக அச்சாகின்றன, அவற்றை வாசிக்கப் புதுக் கருவியும் வந்துவிட்டது, ஐபேடில் விரலால் தட்டியும் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். கீபோர்டு வாசிப்பவர்களும் பழைய கருவிகளில் ஆசை உள்ளவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆப்டிகன் என்றால் என்ன?

மேட்டல் கம்பெனியின் துணை நிறுவனமான ஆப்டிகன் கார்ப்பரேஷன் செய்த வீட்டு ஆர்கன். தொழிற்சாலை கலிபோர்னியாவின் காம்ப்டனில் இருந்தது. பார்பி பொம்மை செய்த அதே மேட்டல்தான். பார்வைக்கு வரவேற்பறை ஆர்கன் மாதிரி, பெரும்பாலும் மரம் போலத் தோன்றும் பிளாஸ்டிக் பெட்டி. வலக்கைக்கு 37 கட்டைகள். இடக்கைக்கு வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றும் ஒரு கார்டு (chord, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). பொத்தானை அழுத்தினால் அந்தக் கார்டில் ஒரு முழு வாத்தியக் குழு தாளத்தோடு வாசிப்பது கேட்கும். டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாமே நிஜ ஆட்கள் வாசித்துப் பதிவானவை. ஆர்கனே தெரியாதவர்கூட ஒரு விரலால் மெட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு பேண்டை ஓடவிடலாம் என்பதுதான் விற்பனைக்கான கவர்ச்சி.

1971 என்பதை மறந்துவிடாதீர்கள். டிஜிட்டலாகப் பதிந்த சத்தத்தைக் கட்டையில் வாசிக்கும் சாம்பிளர் என்ற கருவி கடைக்கு வர இன்னும் பல வருடம் இருந்தது. பதிவு செய்த இசையைக் கட்டையில் வாசிக்கும் யோசனை ஸ்டூடியோக்களில் இருந்தது. அதை நடுத்தர வர்க்க வீட்டுக்குள் கொண்டுவந்தது இந்தப் பொம்மைக்காரர்கள்தான்.

ஒளி எப்படிச் சத்தமாகிறது?

பழைய சினிமா பிலிம் சுருளைப் பார்த்திருந்தால் பாதி விஷயம் உங்களுக்குத் தெரியும். படத்துக்கும் ஓரத் துளைகளுக்கும் நடுவில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். அதுதான் ஒலித்தடம். புரொஜெக்டரில் எக்ஸைட்டர் விளக்கின் வெளிச்சம் ஒரு மெல்லிய கீற்று வழியாக அந்தத் தடத்தில் விழும். நெளிவுக்கு ஏற்ப வெளிச்சம் கூடும், குறையும். மறுபக்கம் உள்ள ஒளியுணரி அதை மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். டிஜிட்டல் புரொஜெக்டர் வரும்வரை நம் ஊர் டாக்கீஸ்களில் பெரும்பாலும் இப்படித்தான் வசனமும் பாட்டும் கேட்டோம்.

ஆப்டிகன் இதே நுட்பத்தை வட்டமாக வளைத்துக்கொண்டது. 12 அங்குல விட்டமுள்ள ஒளி ஊடுருவும் பிலிம் தட்டில், ஒன்றுக்குள் ஒன்றாக 57 வட்டத் தடங்கள். 37 தடங்கள் கட்டைகளுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரே சுரம் நீளமாக ஒலிக்கும். மிச்சம் 20 தடங்கள் கார்டு, தாளம், இடையில் போடும் சின்ன அலங்காரங்கள் இவற்றுக்கு. ஒவ்வொரு தடத்துக்கும் தனி ஒளியுணரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தட்டு சுற்றத் தொடங்கியதுமே 57 தடங்களும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கட்டையை அழுத்தும்போது எதுவும் புதிதாகத் தொடங்குவதில்லை. குழாயைத் திறப்பது மாதிரி, ஏற்கெனவே ஓடுகிற ஒன்றுக்கு வழி திறக்கிறது, அவ்வளவுதான். அதனால் எந்தச் சுரத்துக்கும் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. பியானோவில் சுத்தி தந்தியைத் தட்டும் அந்த முதல் கணம் இதில் வரவே வராது. கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். தாளப் பொத்தானைத் தப்பான நேரத்தில் அழுத்தினால், பேண்டு ஆவர்த்தனத்தின் நடுவிலிருந்து வாசிக்கும். புதிதாக உட்காருபவர்கள் முதலில் திணறுவது இங்கேதான்.

சத்தம் ஏன் இவ்வளவு மங்கலாக, பழைய ரேடியோ மாதிரி இருக்கிறது?

காரணம் பல. முதலாவது, இடம் போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தட்டு ஒரு சுற்றுக்கு 2 விநாடி எடுப்பதாகவும், ஒரு தடம் மையத்திலிருந்து 14 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 88 செ.மீ. நொடிக்கு 440 அதிர்வு உள்ள சுரத்துக்கு அந்த 88 செ.மீ.க்குள் 880 அலைகள் வரைய வேண்டும். அதாவது ஓர் அலைக்கு 1 மி.மீ. அதே சுரத்தோடு மெல்லச் சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்களில், பத்து மடங்கு அதிர்வு உள்ளதற்கு 0.1 மி.மீ.தான் கிடைக்கும். வெளிச்சக் கீற்றின் அகலமே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிட்டால், அலை தெரியாமல் மழுங்கிவிடும். மேற்சுரங்கள் போனால் பிரகாசமும் போச்சு.

உள்வட்டங்களின் கதி இன்னும் மோசம். 7 செ.மீ. ஆரத்தில் எல்லாமே பாதி. அதே சுரத்துக்கு அலை ஒன்றுக்கு அரை மி.மீ.

அப்புறம் பக்கத்துத் தடத்திலிருந்து கசியும் சத்தம். 57 தடங்களை நெருக்கி வைத்திருப்பதால், தட்டு இம்மியளவு நகர்ந்தாலும் அடுத்த வீட்டுச் சுரமும் மெல்லக் கேட்கும். கீறல், தூசி, விரல் ரேகை எல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "டிக்" என்று வந்து நிற்கும். இந்தக் குறைகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஆப்டிகன் சத்தம். மறுவருகை செய்கிற ஒவ்வொருவரும் முதலில் முடிவுசெய்ய வேண்டியதும் இதுதான்: இந்தக் குறைகளில் எதை வைத்துக்கொள்வது, எதைச் சரிசெய்வது? கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறுமா?

ஏறும். தட்டு ஒன்றுதான், மோட்டாரும் ஒன்றுதான். தாளம் வேகமானால் மெட்டும் மேலே போகும். மெதுவானால் எல்லாம் கனத்து இறங்கும். பாட்டுக்காரருக்கு ஏற்ற சுருதியும் உங்களுக்கு வேண்டிய நடையும் ஒன்றாக அமைவது அபூர்வம். இன்றைய மென்பொருளில் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம், ஆனால் அப்படி மாற்றியதும் சத்தத்தின் குணமும் கொஞ்சம் மாறிப்போகிறது. மெதுவாகச் சுற்றும் தட்டின் டிரம் சத்தம் தடித்து, சோர்ந்து, தனி அழகோடு இருக்கும். அந்த அழகுக்காகவே வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்பவர்கள் உண்டு.

இதற்கு முன்னால் யாரும் ஒளியால் ஆர்கன் செய்யவில்லையா?

செய்தார்கள், அதுவும் இதைவிட லட்சியத்தோடு. ஜெர்மனியில் தானியங்கிப் பியானோக்களுக்குப் பேர்போன வெல்டே குடும்பத்தின் எட்வின் வெல்டே, லிக்ட்டான் ஆர்கன் என்ற கருவியை உருவாக்கினார். 12 கண்ணாடித் தட்டுகள், ஒரு ஸ்தாயியின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றிலும் 18 அலைவடிவ வட்டங்கள். புகழ்பெற்ற குழாய் ஆர்கன்களின் நாதத்தையே பதிவு செய்து கண்ணாடியில் ஏற்றியிருந்தார். 1936-இல் பெர்லினில் அது மேடையேறியது. வெல்டேயின் மனைவி யூதர். நாஜி ஆட்சியில் அதற்கு மேல் அந்தத் திட்டத்துக்கு வழி இருக்கவில்லை.

சோவியத் நாட்டில் எவ்கேனி முர்சின் வேறு திசையில் போனார். அவருடைய ஏ.என்.எஸ். கருவியில், கண்ணாடித் தட்டுகளில் தூய சுரங்கள் மட்டும் அச்சாகியிருந்தன. முழுமையான வடிவத்தில் 5 தட்டுகள், தட்டுக்கு 144 தடம், மொத்தம் 720 சுரம். ஒரு ஸ்தாயியை 72 பங்காகப் பிரித்தால் பத்து ஸ்தாயிக்கு 720. கட்டைகள் கிடையாது. கருப்பு மெழுகு போன்ற பூச்சு தடவிய கண்ணாடிப் பலகையில் இசையமைப்பாளர் கீறுவார். கீறிய இடத்தில் வெளிச்சம் புகுந்து அந்தச் சுரங்கள் ஒலிக்கும். 1938 வாக்கில் தொடங்கிய வேலை, 1950-களின் இறுதியில்தான் கருவியாக முடிந்தது. கட்டையே இல்லாததால் இந்தப் பக்கத்தின் தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறது. ஆனாலும் விட மனமில்லை. இதன் மறுவருகையாக விர்ச்சுவல் ஏ.என்.எஸ். என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு படத்தைக் கொடுத்தால் அதை அப்படியே ஒலியாக வாசிக்கும்.

மெல்லோட்ரானும் இதுவும் ஒன்றா?

இல்லை. மெல்லோட்ரான் என்ற கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஆரம்பத்திலிருந்து ஓடும், 8 விநாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்கும். எனவே அதில் வயலினின் வில் தொடும் தொடக்கம் கேட்கும், ஆனால் சுரத்தை நிரந்தரமாகப் பிடிக்க முடியாது. ஆப்டிகனில் நேர் எதிர்: தொடக்கம் கிடையாது, முடிவும் கிடையாது.

மெல்லோட்ரானுக்கு மறுவருகை சுலபமாக அமைந்தது. பெரிய ராக் குழுக்கள் வாசித்த கருவி என்பதால் கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். 2000-களிலேயே நாடா வைத்த புது மாடல் வந்தது, பிறகு டிஜிட்டல் மாடலும் வந்தது. ஒளித்தட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது கடைசிவரை பொம்மைக்கடைப் பெயரோடே இருந்தது.

ஆர்கெஸ்ட்ரான், டேலண்ட்மேக்கர் என்கிறார்களே, அவை என்ன?

டேலண்ட்மேக்கர் என்பது சில்ட்டன் என்ற பெயரில் விற்ற, ஆப்டிகனை அப்படியே ஒத்த வீட்டு ஆர்கன்.

ஆர்கெஸ்ட்ரான் வேறு ரகம். மூக் கம்பெனியின் சிந்தசைசர்களை விற்றுப் பழகிய டேவ் வான் கோவரிங் என்பவர், ஆப்டிகன் தொழில்நுட்பத்தை மேடைக் கலைஞர்களுக்காக எடுத்துக்கொண்டார். தாளமும் கார்டும் போய்விட்டன. கோரஸ் குரல், ஸ்ட்ரிங்ஸ், குழாய் ஆர்கன், புல்லாங்குழல் என நீண்டு நிற்கும் நாதங்கள் மட்டும். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1970-களின் நடுவில் இதை நிறையப் பயன்படுத்தியது. மனிதக் குரலா இயந்திரமா என்று புரியாத அந்தக் கோரஸ் அவர்கள் இசைக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. சுத்தமான பதிவாக இருந்திருந்தால் பொருந்தியிருக்காது என்பது என் எண்ணம்.

அவ்வளவு நல்ல யோசனை ஏன் தோற்றது?

மேட்டல் 1973-இலேயே இதை நியூயார்க்கின் மைனர் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அவர்கள் ஆப்சோனார் என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். 1976-இல் தயாரிப்பு முடிந்தது.

கருவியிலேயே கோளாறு இருந்தது. இயந்திரமும் ஒளியியலும் மின்னணுவும் கலந்த ஒன்றை வீட்டு ஆர்கன் விலையில் செய்தால், எங்கேயாவது கை வைக்கத்தான் வேண்டும். விளக்கு, ரப்பர், தொடுமுனை என எது சற்றுத் தளர்ந்தாலும் சுருதி ஆடும். இன்னொரு பக்கம், சிப்பு வைத்த ஆர்கன்களில் தாளப் பெட்டி மலிவாக வரத் தொடங்கியது. அவற்றில் கீறலும் இல்லை, தட்டு மாற்றும் வேலையும் இல்லை. டிரம் சத்தம் தகரத்தைத் தட்டுவது மாதிரி இருந்தாலும் மக்கள் அதையே வாங்கினார்கள்.

யார் மறுபடி கையில் எடுத்தது?

1980-களிலேயே அங்கொருவர் இங்கொருவராக இசைக்கலைஞர்கள் எடுத்தார்கள். அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸ் 1987-இல் வெளியிட்ட ஆல்பத்தில் ஆப்டிகன் வாசித்திருக்கிறார். 1990-களில் அமெரிக்காவில் பழைய பொருள் கடைகளிலும் வீட்டு வாசல் விற்பனைகளிலும் மலிவாகக் கிடைத்ததால், இளைஞர்கள் கையில் சிக்கியது.

உண்மையான திருப்பம் பீ ஹிக்ஸ் என்ற கலிபோர்னியா இசைக்கலைஞரால் வந்தது. ராப் குரோவுடன் சேர்ந்து ஆப்டிகனலி யுவர்ஸ் என்ற குழுவை நடத்தியவர். 1997-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் ஆப்டிகனையே முதுகெலும்பாக வைத்துச் செய்தது. 2000-இல் வந்த இரண்டாவதற்கு டேலண்ட்மேக்கர். ஹிக்ஸ் அதோடு நிற்கவில்லை. கருவியின் வரலாறு, தட்டுகளின் பட்டியல், பழுது பார்க்கும் முறை எல்லாவற்றையும் சேகரித்து வைத்தார். கம்பெனி கைவிட்ட ஒன்றுக்கு அவரே ஆவணக் காப்பகமாகிவிட்டார்.

பிறகு நடந்ததுதான் வியப்பு. தட்டுகளில் உள்ள இசையின் மூல ஸ்டூடியோ நாடாக்கள் அவர் கைக்கு வந்தன. 25 வருடமாகக் கரகரவென்று கேட்டுப் பழகிய அதே டிரம்ஸும் கிதாரும், தட்டுக்குப் போவதற்கு முன் எவ்வளவு தெளிவாக இருந்தன என்று தெரிந்தது. 2018-இல் அந்த நாடாக்களிலிருந்தே ஒரு ஆல்பம் செய்தார்கள். கேட்டுப் பாருங்கள். வாசித்தவர்கள் தேர்ந்த ஸ்டூடியோ கலைஞர்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். எனக்கென்னவோ கரகரப்புப் போனதும் கொஞ்சம் வழவழவென்று ஆகிவிட்டது போலத்தான் பட்டது. பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புதுத் தட்டுகள் வருவது அவ்வளவு பெரிய விஷயமா?

என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அதுதான். பழைய கருவியைப் பழுது பார்த்து வைத்திருந்தால் அது காட்சிப்பொருள். 1970-களின் அமெரிக்க ரசனையில் பதிவான நாட்டுப்புற கிதார், போசா நோவா, வால்ட்ஸ் தாளம் இவற்றோடு முடிந்துபோகும். புதுத் தட்டு அச்சடிக்க முடிந்தால்தான் அதற்குப் புதிதாகப் பேச வாய் வரும்.

தட்டு செய்வது லேசான காரியம் அல்ல. 57 பதிவுகளும் ஒரே நீளத்தில், ஒரு சுற்றில் மிகச்சரியாக முடிந்து தொடங்கும்படி இருக்க வேண்டும். சுரத்தின் அலைகள் முழு எண்ணிக்கையில் வட்டத்தில் அடங்க வேண்டும், இல்லையென்றால் இணைப்பில் ஒரு வெட்டு கேட்கும். பிறகு அவ்வளவையும் நுண்ணிய வட்டங்களாக வரைந்து, உயர் துல்லியப் பிலிமில் எடுத்து, நடுத்துளையைச் சரியாக மையத்தில் போட வேண்டும். துளை விலகினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 14 செ.மீ. ஆரத் தடத்தில் 1 மி.மீ. விலகினால் சுருதி 0.7 சதவீதம் மேலும் கீழும் ஆடும். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் சுமார் 12 பங்கு. 7 செ.மீ. தடத்தில் அது 25 பங்காகிவிடும். காது உடனே பிடித்துக்கொள்ளும்.

பல பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு ஹிக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் செய்து முடித்தார்கள். இசையை வடிவமைக்கும்போதே தட்டு என்ன செய்யும் என்று கணக்கில் கொள்வதால், புதுத் தட்டுகளில் பழைய கருவி பழைய குணத்தோடே புதிய இசையைத் தருகிறது.

பனாப்டிகன் என்று ஒன்று வந்ததே?

ஆமாம். 2010-களின் பிற்பகுதியில், அதே கலிபோர்னியா வட்டாரத்திலிருந்து வெளிவந்த புதுக் கருவி. பழைய ஆப்டிகன் தட்டுகளையும் புதிதாக அச்சான தட்டுகளையும் வாசிக்கும். 1970-களுக்குப் பிறகு இப்படியொரு ஒளித்தட்டுக் கருவியை யாரும் வடிவமைத்து விற்றதில்லை. சிறு பட்டறை அளவில், கொஞ்ச எண்ணிக்கையில்தான் செய்தார்கள். வீட்டில் பழைய ஆப்டிகன் வைக்க இடமில்லாதவர்களுக்கும், ஐம்பது வருடப் பழைய மோட்டாரோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கும் இது பதில்.

எந்தக் குறையைத் திருத்துவது என்று முன்னால் சொன்னேனே, இங்கே விடை தெளிவாக இருக்கிறது. மோட்டாரின் தள்ளாட்டம், பழைய மின்சுற்றின் இரைச்சல், தொடுமுனைகளின் சொதப்பல் எல்லாவற்றையும் சரிசெய்யலாம். தட்டு மட்டும் தட்டாகவே இருக்கிறது, ஒளி அதன் வழியேதான் போகிறது, கீறினால் கேட்கிறது. நியாயமான கோடு என்றே நினைக்கிறேன்.

மென்பொருள் போதாதா?

பெரும்பாலானவர்களுக்குத் தாராளமாகப் போதும். ஐஆப்டிகன் என்ற ஐபேட், ஐபோன் செயலி இருக்கிறது. கணினியில் வேலை செய்பவர்களுக்குச் சாம்பிள் (பதிவு செய்த சத்தத் துண்டு) தொகுப்புகள் பல கிடைக்கின்றன. ஒரு பாட்டில் நடுவில் எட்டு விநாடி பழைய வாசனை வேண்டும் என்றால் கப்பலில் கனமான பெட்டியை வரவழைப்பது வீண்.

மென்பொருளில் கிடைக்காதது ஒன்றுதான். சாம்பிளில் ஒரு கீறல் எங்கே விழுந்ததோ அங்கேயே நிற்கும், என்றைக்கும் அதே கீறல். நிஜத் தட்டில் சுருதி அன்றைய மனநிலைக்கு ஏற்ப அசையும், தூசி இடம் மாறும், இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தினால் இரண்டு பேண்டும் ஒரே தட்டில் ஓடுவதால் துளிகூடப் பிசகாமல் சேர்ந்தே போகும். இந்தக் கடைசி விஷயத்தைச் சில மென்பொருள்கள் கவனிப்பதில்லை; கட்டையை அழுத்தியதும் சாம்பிளை ஆரம்பத்திலிருந்து ஓட்டிவிடுகின்றன. வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு கார்டை அழுத்தி, பாதியில் இன்னொன்றுக்கு மாறுங்கள். தாளம் தொடர்ந்து போனால் செய்தவருக்குக் கருவி தெரியும். ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினால் தெரியாது.

இதில் நம் சங்கீதம் வாசிக்க முடியுமா?

கமகம் வராது. கட்டைக்குக் கட்டை நிலையான சுரம், நடுவில் வழுக்க வழியில்லை. ஆர்மோனியத்தின் மீது சொல்லும் குறையே இதற்கும். வேகக் குமிழைத் திருகி எல்லாச் சுரத்தையும் ஒன்றாக இழுக்கலாம், அது வேடிக்கைக்கு.

ஆனால் சுருதிக்கு? அங்கே இது பிரமாதமாக இருக்கும். நீண்டு நிற்கும் நாதம், மெல்லிய அசைவு, குமிழைத் திருகினால் ஒன்றரைக் கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு நழுவும் வசதி. தம்புரா மீட்டலை ஒரு சுற்றுக்குள் அடக்கித் தட்டு அச்சடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சுற்றின் சில விநாடிக்குள் நான்கு தந்தியும் மீட்டி முடிக்க வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. நிதானமான மீட்டலுக்கு இடம் போதாது.

பழைய ஆப்டிகனை வரவழைத்து வாங்கலாமா?

பழுது பார்க்கக் கை இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்குச் செய்தது; நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் மிஞ்சும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ரப்பர் பாகங்கள் இறுகியோ உருகியோ இருக்கும். கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டியிருக்கும். தொடுமுனைகள் கறுத்திருக்கும். ஒளிக்கீற்றில் ஐம்பது வருடத் தூசி. இவை ஒவ்வொன்றும் சரிசெய்யக்கூடியவை, ஆனால் எல்லாம் ஒன்றாக வரும்.

விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். 37 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நீண்ட சுரத்தைப் பத்து விநாடி பிடிக்கச் சொல்லுங்கள், சுருதி எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். "விளக்கு எரிகிறது" என்ற பதில் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள்.

நானே ஒன்று செய்து பார்க்க முடியுமா?

முழு ஆப்டிகன் முடியாது. ஆனால் அதே தத்துவத்தில் ஓர் ஒற்றைத் தட்டு ஒலிப்பான் ஒரு வார இறுதி வேலைதான். டெரெக் ஹோல்சர் என்ற கலைஞர் 2007 வாக்கில் தொடங்கிய டோன்வீல்ஸ் முயற்சி இதற்கு நல்ல வழிகாட்டி; ஒளி ஊடுருவும் தாளில் வடிவங்களை அச்சடித்து, மோட்டாரில் சுற்றி, மேடையிலேயே வாசித்துக் காட்டினார்.

வேண்டியவை: வகுப்புகளில் ஓ.எச்.பி. ஷீட் என்று பயன்படுத்தினார்களே அந்தத் தாள், லேசர் பிரிண்டர், சின்ன டி.சி. மோட்டார், எல்இடி, ஒளியுணரியாகப் போட்டோ டிரான்சிஸ்டர், ஒரு ஆம்ப்ளிஃபயர். கருப்பு வெள்ளைக் கட்டங்களை வட்டமாக அச்சடித்தாலே சுரம் பிறக்கும்.

கணக்கு எளிது: வட்டத்தில் உள்ள அலைகளின் எண்ணிக்கையை நொடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் அதிர்வெண். நொடிக்கு 5 சுற்று, வட்டத்தில் 88 கட்டம் என்றால் 440. அடுத்த அரைச்சுரத்துக்கு 93.23 கட்டம் தேவைப்படும், ஆனால் கால் கட்டத்தை அச்சடிக்க முடியாது. 93 போட்டால் அரைச்சுரத்தில் நூறில் நான்கு பங்குக்கு மேல் இறங்கிவிடும். கேட்கக் கூர்மையான காது வேண்டும், இருந்தாலும் இறங்கியது இறங்கியதுதான். அதே வேலையை மெதுவாகச் சுற்றும் பெரிய தட்டில் செய்தால், நொடிக்கு அரைச் சுற்றில் 932.33-க்குப் பதில் 932. பிழை ஒரு பங்குகூட இல்லை. பெரிய தட்டு மெதுவாகச் சுற்றுவது சுருதிக்கு எவ்வளவு நல்லது என்பது கையில் செய்து பார்த்தால் புரிந்துவிடும். ஆனால் கட்டங்கள் நுண்ணியதாகிவிடும். அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சடிக்கும் பிரிண்டரில் ஒரு புள்ளி 0.04 மி.மீ. அதற்குக் கீழே போக முடியாது.

இரண்டு எச்சரிக்கை. எல்இடியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். அறையின் டியூப்லைட்டை அணையுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும், உங்கள் ஒளியுணரி அதையும் ஒரு சுரமாக எடுத்து "ம்ம்ம்" என்று பாடிக்கொண்டிருக்கும்.

தட்டைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்?

இசை பின்னோக்கி ஓடும். தட்டு ஒளி ஊடுருவுவது, தடங்களின் ஆரம் மாறுவதில்லை, எனவே எல்லாக் கட்டையும் அதே சுரத்தைத் தரும். ஓடும் திசை மட்டும் தலைகீழ். நீண்ட சுரங்களில் பெரிய வித்தியாசம் தெரியாது. தாளத் தடங்களில்தான் கூத்து. டிரம் அடி உள்ளிழுத்து நிற்கும், கிதார் வீங்கி வந்து சட்டென்று அறுபடும். ஆப்டிகன்காரர்கள் எல்லாரும் இதைச் செய்திருப்பார்கள்.

தட்டுகளை எப்படிப் பராமரிப்பது?

ஓரத்தைப் பிடித்து எடுங்கள், தடத்தில் விரல் படக்கூடாது. உறை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். எடுக்கும்போது உரசி, உரசிய கோடு எல்லாச் சுரத்திலும் கேட்கும். தூசியை மென்மையான காய்ந்த துணியால் மையத்திலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். தடத்தோடு சேர்த்து வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் ஒரே சுரத்தில் நீளமாக உட்கார்ந்துகொள்ளும். குறுக்கே விழுந்த கீறல் ஒரு "டிக்"கோடு போய்விடும். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். வெயில் படும் இடத்திலும் காரிலும் வைத்தால் நெளிந்துவிடும், நெளிந்த தட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி இல்லை.